டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கெடாவில் புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் கூரைகளில் ஆஸ்ட்ரோ தட்டு தெரியும். உள்ளே சுவரில் 43 அங்குலம், 55 அங்குலம் என்று டிவி. கட்டணம் மாதா மாதம் தவறாமல் போகிறது. ஆனால் திரையைப் பார்த்தால் முகங்களில் தெளிவில்லை, கதாநாயகி ஒரு சுற்று பருத்துத் தெரிகிறார், கீழே ஓடும் செய்தி வரியில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. "டிவி பழசாயிடுச்சு தம்பி, அடுத்த போனஸ்ல மாத்தணும்" என்பார் வீட்டுக்காரர்.

பெரும்பாலும் மாற்ற வேண்டியது டிவியை அல்ல. எச்டி படம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து கிளம்பி, கூரைத் தட்டில் விழுந்து, கறுப்பு ஒயர் வழியாக ஆஸ்ட்ரோ பெட்டிக்குள் வரும்வரை ஒழுங்காகத்தான் வருகிறது. பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே உள்ள கடைசி ஒரு மீட்டரில்தான் கெடுகிறது. அதைச் சரிசெய்யப் பத்துப் பதினைந்து ரிங்கிட் ஒயர் ஒன்றும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

இந்தக் கோளாறு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28 அன்று. வண்ணம் வந்தது 1978இல். 1996இல் ஆஸ்ட்ரோ வந்து, வானவில் என்று நமக்கென ஓர் அலைவரிசையும் கிடைத்தது. 2009 டிசம்பரில் பியோண்ட் என்ற பெயரில் ஆஸ்ட்ரோ எச்டிக்கு மாறத் தொடங்கியது. மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் 2012இல் வந்தது. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் மைடிவி பெட்டி வந்தது. அடுத்த மாதமே ஆஸ்ட்ரோவின் 4கே அல்ட்ரா பெட்டியும் வந்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் பல வீடுகளில் மாறாமல் நின்றது ஒயர். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது, பழைய டிவியில் இருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைப் பிடுங்கிப் புது டிவியில் செருகினார்கள். படம் வந்தது, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மஞ்சள் ஒயர்தான் குற்றவாளி. படம் முழுவதும் அந்த ஒற்றை ஒயரில்தான் வருகிறது. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு மட்டும். மஞ்சள் ஒயர் அனலாக் காலத்துக்காகச் செய்யப்பட்டது. பெட்டிக்குள் எச்டி படம் இருந்தாலும், இந்த ஒயரில் அனுப்ப வேண்டும் என்றால் பெட்டி அதைச் சுருக்கி, பழைய தரத்துக்கு இறக்கி, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலந்துதான் அனுப்ப முடியும். பிறகு டிவி அதை மறுபடி பிரித்து, பெரிய திரைக்கு இழுக்கிறது.

எவ்வளவு இழக்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பழைய தரப் படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. மொத்தம் 4,14,720. முழு எச்டியில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. மஞ்சள் ஒயரில் எச்டி அலைவரிசை பார்ப்பவர் ஐந்தில் நான்கு பங்குப் புள்ளிகளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார். சின்னப் புள்ளிக் கோலத்தையே இழுத்து இழுத்து மண்டபத்து வாசல் முழுக்க அடைத்த மாதிரிதான் அது. அளவு பெரிதாகும், நுணுக்கம் கூடாது.

ஆகவே முதல் வேலை, டிவியின் பின்பக்கத்தைப் பார்ப்பது. கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும் ஒயரின் முனை வட்டமாக, நடுவே ஒரு ஊசியோடு, மஞ்சள் வளையத்தில் செருகியிருந்தால் அது பழைய ஒயர். தட்டையாக, கீழ் இரண்டு மூலைகளும் சரிந்த வாய் உள்ளது எச்டிஎம்ஐ. இந்த ஒரே ஒயரில் படமும் ஒலியும் சேர்ந்து வரும். கடையில் 15 ரிங்கிட் ஒயரும் இருக்கும், தங்கமுலாம் பூசியது என்று 150 ரிங்கிட் ஒயரும் இருக்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு இரண்டிலும் ஒரே படம்தான் வரும். உள்ளே ஓடுவது எண்கள். அவை முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் 'நல்ல' படம் என்று ஒன்று கிடையாது. விலை கூடிய ஒயருக்குக் காசு கொட்ட வேண்டாம். 4கே பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் உறையில் 'ஹை ஸ்பீட்' அல்லது 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய எச்டிஎம்ஐ ஒயரில் 4கே படம் விட்டு விட்டுக் கறுத்துப்போகலாம்.

டிவியில் இரண்டு மூன்று எச்டிஎம்ஐ வாய் இருக்கும். சிலவற்றில் ஒரு வாய்தான் 4கேயை முழு வேகத்தில் வாங்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஏஆர்சி என்று போட்டிருக்கும் வாயை ஒலிபெருக்கிக்கு விட்டுவிட்டு, மற்றொன்றில் பெட்டியைச் செருகுவது வசதி. ஒயரை மாற்றியதும் பழைய மூன்று நிற ஒயரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டும் செருகிக் கிடந்தால் யாராவது ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானைத் தட்டி மறுபடி ஏவிக்கு மாற்றிவிடுவார்கள். படம் வருகிறதே என்று யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

ஒயர் மாறினால் மட்டும் வேலை முடியாது. நான்கும் எச்டியாக இருக்க வேண்டும்: டிவி, பெட்டி, ஒயர், அலைவரிசை. கடைசிதான் அதிகம் மறக்கப்படுவது. ஒரே அலைவரிசை பழைய தரத்தில் ஓர் எண்ணிலும் எச்டியில் வேறோர் எண்ணிலும் ஓடக்கூடும். வீட்டுப் பெரியவர்களின் விரலுக்குப் பழைய எண்தான் பழகியிருக்கும். விண்மீன் எச்டி, சன் டிவி எச்டி என்று பெயரோடு எச்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்களை ரிமோட்டின் விருப்பப் பட்டியலில் ஏற்றிக் கொடுங்கள். எச்டி உங்கள் சந்தாவில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியிலிருந்து எந்த அளவில் படம் வருகிறது என்று டிவியே சொல்லும். டிவியின் ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்தினால் திரை மூலையில் 1080, 720, 576 என்று ஓர் எண் வரும். டிவி வாங்கிக்கொண்டிருக்கும் படத்தின் அளவு அது. 576 என்று காட்டினால் எங்கோ ஓரிடத்தில் இன்னும் பழைய தரம் ஒளிந்திருக்கிறது.

அது பெரும்பாலும் பெட்டியின் அமைப்புப் பட்டியலில்தான் இருக்கும். செட்டிங்ஸ், மலாயில் வைத்திருந்தால் தெத்தாப்பான். அதில் படம் அல்லது டிவி வெளியீடு என்ற பக்கத்தில் 576, 720பி, 1080ஐ, 1080பி, அல்ட்ரா பெட்டியில் 2160பி என்று தெரிவுகள் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து முக்கியம். 'ஐ' என்றால் ஒரு படத்தை இரண்டு பாதியாக, முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள் என்று அனுப்புவது. நம் நாட்டில் வினாடிக்கு 50 பாதிகள். 'பி' என்றால் முழுப் படமாக அனுப்புவது. எச்டி ஒளிபரப்பு பெரும்பாலும் 1080ஐ வடிவில்தான் வருகிறது. எனவே இரண்டு பாதிகளையும் யாராவது சேர்த்தாக வேண்டும். 1080ஐ தெரிந்தெடுத்தால் டிவி சேர்க்கும். 1080பி தெரிந்தெடுத்தால் பெட்டி சேர்க்கும். யார் நன்றாகச் சேர்க்கிறார்கள் என்பது உங்கள் டிவியையும் பெட்டியையும் பொறுத்தது. பந்தாட்டம் ஓடும்போதோ, நடனக் காட்சியில் பட்டுச்சேலைக் கரை வேகமாகச் சுழலும்போதோ ஓரங்களைப் பாருங்கள். சீப்புப் பல் போல் கோடு கோடாகப் பிரிந்தால் அடுத்த தெரிவுக்கு மாற்றிப் பாருங்கள். ஓரம் எதில் முழுதாக நிற்கிறதோ அதுவே உங்கள் வீட்டுக்குச் சரி. என் அனுபவத்தில் புது 4கே டிவிகளில் 1080ஐ வைத்துவிட்டால் பெரும்பாலும் தவறாது.

32 அங்குல டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த அளவில் விற்கும் டிவிகள் பலவற்றில் 'எச்டி ரெடி' என்று போட்டிருக்கும். அவற்றின் திரையில் உண்மையில் இருப்பது 1366 குறுக்கே, 768 நெடுக்கே. முழு எச்டி அல்ல. அவர்கள் 720பியையும் ஒரு முறை வைத்துப் பார்க்கலாம். விளையாட்டு நிகழ்ச்சிகளில் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு.

அடுத்தது படத்தின் வடிவம். கதாநாயகி பருத்துத் தெரிவதற்குக் காரணம் அவர் சாப்பாடு அல்ல. பழைய படங்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய திரை 16க்கு 9. எம்.ஜி.ஆர், சிவாஜி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தை முழுத்திரைக்கும் இழுத்தால் எல்லாரும் அகலமாவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவது குறையல்ல, அதுதான் அந்தப் படத்தின் சரியான வடிவம். பெட்டியில் திரை விகிதத்தை 16:9 என்று வைத்து, 4:3 படங்களுக்குப் பக்கப் பட்டையோடு காட்டும் தெரிவை எடுங்கள். டிவியில் ஸ்ட்ரெட்ச், ஜூம் எதுவும் வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களிலும் கொஞ்சத்தை வெட்டிவிட்டு மீதியைப் பெரிதாக்கிக் காட்டுவது உண்டு. பழைய கண்ணாடிக் குழாய் டிவி காலத்து வழக்கம் அது. இன்று அதற்குத் தேவையில்லை, ஆனாலும் பல டிவிகள் இன்னும் அப்படித்தான் காட்டுகின்றன. கீழே ஓடும் தமிழ்ச் செய்தி வரியைப் பாருங்கள். கு, சூ, மு போன்ற எழுத்துகளின் வால் திரை விளிம்பில் அறுபடுகிறதா? அப்படியானால் படம் வெட்டப்படுகிறது. வெட்டிய மீதியை இழுப்பதால் முழுப் படமும் கொஞ்சம் மங்கவும் செய்யும். சாம்சங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்க்ரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இதற்கு ஒரு தெரிவு இருக்கும். போட்டுவிட்டால் ஒளிபரப்பில் வரும் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் உட்காரும்.

இனி நிறம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டிவியைக் கடையிலிருந்து கொண்டுவந்து முதலில் போடும்போது 'வீட்டில் பயன்படுத்த' என்றும் 'கடைக்கு' என்றும் கேட்கும். அவசரத்தில் கடைக்கு என்று அழுத்தப்பட்ட டிவிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடுகின்றன. கடையின் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் பக்கத்து டிவியை மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே விவிட், டைனமிக் என்ற நிலைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நீலம் தூக்கல், பச்சை தூக்கல், வெளிச்சம் உச்சம். வீட்டுக்குள் இது நம் முகங்களுக்குச் செய்யும் கேடு சொல்லி முடியாது. மாநிறம் செங்கல் நிறமாகிறது. கறுத்த முகத்தில் கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள நிழல் வேறுபாடு அழிந்து ஒரே திட்டாகிறது. நெற்றியில் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாக எரிகிறது. தமிழ் முகங்களை நல்ல ஒளிப்பதிவாளர் ஒருவர் எவ்வளவு கவனமாக விளக்கு வைத்து எடுத்திருந்தாலும், இந்த ஒரு பொத்தான் அதை அழித்துவிடும்.

படநிலையை மூவி அல்லது சினிமா என்று மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் திரைப்படங்களுக்கு அது இன்னும் நல்லது. மாற்றிய முதல் நாள் படம் மஞ்சளாக, மந்தமாகத் தோன்றும். கண் பழைய நீலத்துக்குப் பழகியிருப்பதால் வரும் தோற்றம் அது. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவைத்து, பிறகு விவிட்டுக்குப் போய்ப் பாருங்கள், கண் கூசும். பகலில் கதவு ஜன்னல் திறந்திருக்கும் வீடுகளில் மூவி இருட்டாகப் பட்டால் ஸ்டாண்டர்ட் வைத்து, பேக்லைட் என்ற திரை வெளிச்சத்தை மட்டும் கூட்டுங்கள். பிரைட்னஸைக் கூட்டினால் பல டிவிகளில் கறுப்பு சாம்பலாகும். மின்சாரச் சிக்கன நிலை போட்டிருந்தால் டிவி தன்னிஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்துவிட்டுப் பிறகு அளவு வையுங்கள்.

அளவு வைக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கல்யாணக் காட்சி போதும். மணப்பெண் தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். அதில் ஒவ்வொரு பூவும் தனித்துத் தெரிய வேண்டும். வெள்ளைப் பட்டையாக மொத்தமாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் இறக்குங்கள். பூவுக்குக் கீழே கறுப்புக் கூந்தலில் பின்னலின் புரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரைட்னஸை ஓரிரு படி கூட்டுங்கள், கூந்தல் சாம்பலாகும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தின் நிறம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டாரின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கலரைக் குறையுங்கள். கூட்ட வேண்டிய தேவை அநேகமாக வராது.

ஷார்ப்னஸ் என்ற தெரிவைப் பார்த்ததும் எல்லாரும் உச்சத்துக்குத் தள்ளுவார்கள். அது தெளிவைக் கூட்டுவதில்லை. ஓரங்களில் ஒரு செயற்கைக் கோடு போட்டுக் கூர்மை இருப்பதாகக் காட்டுகிறது. இதற்கும் நம் எழுத்தே சோதனை. செய்தி வரியில் மெய்யெழுத்துகளின் தலைமேல் இருக்கும் புள்ளியை அருகில் போய்ப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். வளையம் மறையும்வரை இறக்குங்கள். பல டிவிகளில் பூஜ்யமோ அதற்கு அருகிலோதான் இயல்பு நிலை. சோனியில் 50 இயல்பு. எச்டி ஒயரும் எச்டி அலைவரிசையும் சரியாக இருந்தால் எழுத்தின் புள்ளி தானாகவே உருண்டையாக, தனியாக நிற்கும்.

சினிமாப் படங்கள் மெகா சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடுவதாகத் தோன்றினால், டிவி தன் சொந்தக் கற்பனையில் இடைப்படங்களைச் சேர்க்கிறது என்று பொருள். திரைப்படம் வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. எல்ஜியில் ட்ருமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. படம் பார்க்கும்போது இவற்றை அணைத்துவிடலாம். பந்தாட்டத்துக்குப் போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம்.

இப்போது கூரைக்கு வருவோம். படம் மங்கலாக இருக்கிறது என்றதும் தட்டைத் திருப்பச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அனலாக் காலத்து நினைவு அது. ஏரியலைத் திருப்பத் திருப்பப் படம் தெளியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் போதுமான அளவு வந்தால் படம் முழுதாக வரும். போதாவிட்டால் சதுரம் சதுரமாக உடையும், நிற்கும், இல்லாமலே போகும். மங்கல் என்ற நிலை அதற்குக் கிடையாது. எனவே மங்கலுக்குக் காரணம் தேட வேண்டியது ஒயரிலும் அமைப்பிலும். உடைசலுக்குக் காரணம் தேட வேண்டியது கூரையில்.

ஆஸ்ட்ரோவும் என்ஜோயும் வருவது மீசாட் செயற்கைக்கோள்களிலிருந்து. அவை கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிற்கின்றன. புக்கிட் செலம்பாவிலிருந்து பார்த்தால் தென்மேற்குப் பக்கமாகத் திரும்பி, ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. தட்டு அவ்வளவு நிமிர்ந்து தெரியாததற்குக் காரணம் அதன் வடிவமைப்பு. இந்த உயரத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் சண்டை குறையும். தட்டைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த தென்னை மறைக்க வேண்டுமென்றால், அது தட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்குள், அதுவும் அந்தத் திசையில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு மரத்தின் மேல் பழி போட வேண்டாம். தட்டுக்கு நேர் மேலே கவிழ்ந்த சொந்த மாமரக் கிளையைப் பாருங்கள்.

மழை வேறு விஷயம். செயற்கைக்கோள் அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழையின் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். ஜெராய் மலைப் பக்கமிருந்து கறுத்து வந்து கொட்டும் மழையில் பத்துப் பதினைந்து நிமிடம் படம் போவது இயற்கை. தூறலுக்கே போனால்தான் கோளாறு. தட்டு காற்றில் நகர்ந்திருக்கலாம். அல்லது வெளியே இருக்கும் ஒயர் முனையில் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கலாம். பெட்டியின் சிக்னல் பக்கத்தில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டை இருக்கும். வெயில் நாளில் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பழுது பார்க்க வருபவரிடமும் காட்டலாம். தரப் பட்டைதான் முக்கியம். தகரக் கூரையிலோ ஓட்டுக் கூரையிலோ நீங்களே ஏற வேண்டாம்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் வானம் தெளிவாக இருக்கும்போதே படம் சில நிமிடம் போகும். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கும். தானாகச் சரியாகிவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

மைடிவி பார்ப்பவர்களுக்குக் கதை நேர் எதிர். அது வானத்திலிருந்து வருவதில்லை. நம் பக்கத்துக்கு அலை வருவது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக் கோபுரத்திலிருந்து. புக்கிட் செலம்பாவிலிருந்து அது வடமேற்கே. இங்கே மரம், மாடி வீடு, குன்று எல்லாமே குறுக்கே நிற்கும். ஏரியல் முகம் மலையைப் பார்க்க வேண்டும், முடிந்தவரை உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் நிற்கும் பழைய நீண்ட கம்பி ஏரியல் விஎச்எஃப் அலைக்கானது. இப்போதைய ஒளிபரப்புக்குக் குட்டைக் கம்பிகள் உள்ள யுஎச்எஃப் ஏரியல் வேண்டும். மாட்டியதும் பெட்டியில் தானியங்கித் தேடலை ஒரு முறை ஓட்டுங்கள். அரசாங்கம் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிகளிலும் எச்டிஎம்ஐ வாய் இருக்கிறது. டிவி2இன் தமிழ்ச் செய்தியை மஞ்சள் ஒயரில் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. புது டிவி என்றால் பெட்டியே தேவையில்லாமல் இருக்கலாம். டிவிபி-டி2 என்ற வசதி உள்ளேயே இருந்தால் ஏரியல் ஒயரை நேராக டிவியில் செருகி அலைவரிசை தேடினால் போதும்.

உட்காரும் இடமும் படத் தரத்தில் சேரும். முழு எச்டியின் நுணுக்கம் முழுதும் கண்ணுக்குப் பட வேண்டுமானால் திரை உயரத்தைப் போல மூன்று மடங்குத் தூரத்தில் உட்கார வேண்டும். 43 அங்குல டிவிக்கு அது 1.6 மீட்டர் வாக்கில் வருகிறது. மூன்று மீட்டர் தள்ளிச் சாய்வு நாற்காலியில் இருப்பவருக்கு எச்டியும் பழைய தரமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். "நல்லாத்தானே இருக்கு" என்று அவர் சொல்வார். டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்குத்தான் மங்கல் தெரியும். அவர் சொல்வதைக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் டிவியைச் சுவரில் உயரத்தில் மாட்டுவது கண்ணுக்கும் கழுத்துக்கும் கேடு, நிறத்துக்கும் கேடு. விலை குறைந்த திரைகள் கீழிருந்து பார்த்தால் வெளிறிப்போகும். இறக்க முடியாவிட்டால் முன்பக்கம் சாயும் தாங்கியாவது வாங்கிப் போடுங்கள். திறந்த வாசலுக்கு எதிரே டிவி வைத்தால் திரையில் பிரதிபலிக்கும் வெளிச்சத்தை எந்த அமைப்பாலும் வெல்ல முடியாது.

கடைசியாக இடி. கெடாவில் மாலை இடிமழைக்குப் பஞ்சமில்லை. பெட்டியையும் டிவியையும் ஒரே அடியில் கொண்டுபோவது மின்சார ஒயர் மட்டுமல்ல, கூரையிலிருந்து இறங்கும் தட்டு ஒயரும்தான். வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, தட்டு ஒயரையும் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு ஒயரில் கை வைக்க வேண்டாம். பெட்டியின் மேல் துணி, சாமி படம், பூ ஜாடி எதையும் வைக்காதீர்கள். அதற்கு மேல்பக்கக் காற்று வேண்டும், சூடேறினால் படம் உறையும்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வரும்போது இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அம்மா அப்பா பார்க்கும் டிவியில் நீங்களே மாட்டி, எச்டி அலைவரிசைகளை ரிமோட்டில் ஏற்றி, விவிட்டை எடுத்துவிட்டு, ஓடும் செய்தி வரியை அவர்களை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புது டிவி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.